பூனைக்கு ஒரு தலபுராணம்

பூனைக்குக் குலம் கோத்திரம் உண்டா என்று நம் ஊரில் யாரையாவது கேட்டால், கேட்டவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மாட்டுக்கு உண்டு, குதிரைக்கு உண்டு, நாய்க்குக்கூட ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று ஊர்ப் பெயரைச் சொல்லி மரியாதை செய்கிறோம். பூனை மட்டும் வெறும் பூனை. கறுப்புப் பூனை, வெள்ளைப் பூனை, திருட்டுப் பூனை என்பதற்கு மேல் நாம் அதைப் பகுத்துப் பார்த்ததில்லை.

பிரான்ஸில் என் மகள் வீட்டில் இருக்கும் பூனைக்குப் பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் எழுதி முத்திரை வைத்த காகிதம் இருக்கிறது. என் சொந்தப் பூட்டனாரின் பெயர் எனக்குத் தெரியாது. அந்த நாட்டில் பதிவேட்டில் ஏறும் பூனைக்குப் பிறந்த வருஷத்துக்கு உரிய எழுத்தில்தான் பெயர் வைப்பது வழக்கம். நட்சத்திர பாதம் பார்த்து எழுத்துத் தேடும் நமக்கு இது விசித்திரமாகப் படவேண்டியதில்லை. 2021-க்கு 'எஸ்' விழுந்தது. ஆகவே இவன் 'ஸாஃபீர்'. நீலக்கல் என்று அர்த்தம். என் வாயில் அது 'நீலு' ஆகிவிட்டது. அவனும் ஆட்சேபிக்கவில்லை.

ஜாதி, பர்மன். பிரெஞ்சுக்காரர்கள் 'பர்மாவின் புனிதப் பூனை' என்கிறார்கள். பாரசீகப் பூனையைப் போலப் புதர் மண்டிய ரோமமும் இல்லை, சயாம் பூனையைப் போல ஒட்ட வெட்டிய ரோமமும் இல்லை; இரண்டுக்கும் நடுவில், பட்டு நூல் மாதிரி. அடியில் கம்பளி போன்ற உள்மயிர் குறைவு என்பதால் எளிதில் சிக்குப் பிடிக்காது. வாரம் இரண்டு முறை சீப்புப் போட்டால் போதும். வசந்த காலத்தில் மட்டும் வீட்டில் எந்தக் கறுப்புத் துணியும் கறுப்பாக இராது. உடம்பு பாலாடை நிறம், முகம், காது, வால், கால்கள் கருந்தவிட்டு நிறம், நாலு பாதங்களும் வெள்ளைக் கையுறை போட்டதுபோல வெளுப்பு, கண் நீலம். நான் எந்த அறைக்குப் போனாலும் கூடவே வருவான். மடியில் ஏறமாட்டான். ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து, நான் எழுதுவதை மேற்பார்வை பார்ப்பான்.

இந்த நிறங்களுக்கு ஒரு தலபுராணம் உண்டு. முன்னொரு காலத்தில் பர்மாவில் லாவோத்ஸுன் என்ற கோயில். அங்கே நீலமணிக் கண்களுடைய பொன் விக்கிரகமாக ஒரு தேவி. முன்ஹா என்ற முதிய குருக்கள். அவருடைய வெள்ளைப் பூனை ஸின். கொள்ளைக்காரர்கள் வந்தபோது குருக்கள் சந்நிதியிலேயே உயிர் விட்டார். பூனை அவர் தலைமேல் பாய்ந்து ஏறித் தேவியைப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் ரோமம் பொன்னாயிற்று, கண் நீலமாயிற்று, கால்களும் வாலும் மண்ணின் நிறமாயின. குருக்களின் உடலைத் தொட்டுக்கொண்டிருந்த பாதங்கள் மட்டும் வெள்ளையாகவே நின்றன. ஏழாம் நாள் பூனையும் போய்விட்டது. எஜமானின் ஆன்மாவைக் கரை சேர்த்துவிட்டதாம்.

நல்ல கதை. ஆனால் பர்மாவில் அப்படி ஒரு கோயிலை யாரும் கொண்டுவந்து காட்டியதில்லை. 1942-ல் ரங்கூனிலிருந்து கால்நடையாகத் திரும்பியவர்கள் சிலரைச் சிறுவயதில் எனக்குத் தெரியும். தேக்கு மரம், பகோடா, ஙாப்பி என்று எதை எதையோ விவரிப்பார்கள். நீலக்கண் பூனையைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. கதை அச்சில் பரவியது பிரான்ஸில்தான், 1920-களில். 1925-ல் அந்த நாட்டார் இதைத் தனி ஜாதியாக அங்கீகரித்தார்கள்.

நிறத்தின் உண்மைக் காரணமும் புராணத்துக்குச் சளைத்ததல்ல. உடம்பில் நிறம் உண்டாக்கும் பொருள் ஒன்று சூட்டில் வேலை செய்யாது, குளிர்ச்சியில் செய்யும். அதனால் காது, மூக்கு, வால், கால் என்று குளிர்ந்த ஓரங்களில் கறுப்பு ஏறுகிறது. தாய் வயிற்றின் சூட்டில் இருந்த குட்டி ஏறக்குறைய வெள்ளையாகவே பிறக்கிறது. நீலுவுக்கு ஒரு சிறு சிகிச்சைக்காக விலாவில் மயிரை மழித்தார்கள். அந்த இடத்தில் முளைத்தது கறுப்பு முடி. அடுத்த முறை ரோமம் உதிர்ந்து முளைக்கும்வரை தேவி அவனை அங்கேயும் தொட்டதாகச் சொல்லிக்கொண்டோம். இருட்டில் விளக்கொளி பட்டால் அவன் கண் மற்றப் பூனைகளைப்போலப் பச்சையாக மின்னுவதில்லை, தணல் மாதிரிச் சிவக்கிறது. புராணம் எழுதியவர் ராத்திரியில் பூனையைப் பார்த்ததில்லை போலும்.

இதுவரை வேடிக்கை. இனிச் சொல்லப்போவதைத்தான் என்னால் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

1945-ல் யுத்தம் முடிந்தபோது இந்த ஜாதியில் எஞ்சியவை இரண்டே என்று சொல்கிறார்கள். ஆர்லோஃப் என்ற ஆண், ஸேனியா என்ற பெண். மனிதனுக்கே ரொட்டி பங்கீட்டுச் சீட்டில் கிடைத்த காலத்தில் யாரோ இந்த இரண்டுக்கும் சோறு போட்டிருக்கிறார்கள். அந்தக் கையை நான் கும்பிடுகிறேன். ஆனால் இரண்டு பூனையைக் கொண்டு ஒரு வம்சத்தை எப்படித் தழைக்கவைப்பது? நீண்ட ரோமப் பூனைகளையும் சயாம் பூனைகளையும் சேர்த்தார்கள். கலந்தார்கள், கலந்து பிறந்தவற்றில் வெள்ளைப் பாதமும் நீலக் கண்ணும் உள்ளவற்றைப் பொறுக்கி மறுபடி சேர்த்தார்கள். 1950-களில் 'சுத்தமான' பர்மன் குட்டிகள் மீண்டும் வந்துவிட்டன. 1966-ல் இங்கிலாந்தும், 1967-ல் அமெரிக்காவும் ஒப்புக்கொண்டன. பிறகு கதவைச் சாத்தினார்கள். இன்று வேறு ஜாதியுடன் கலந்தால் பெரும்பாலான பதிவேடுகளில் இடமில்லை.

கலப்பினால் பிழைத்த ஒன்று, பிழைத்தவுடன் கலப்பைத் தீட்டு என்கிறது. மனிதக் குடும்பங்களிலும் இதை நான் பார்த்திருக்கிறேன். கொள்ளை நோயிலும் பஞ்சத்திலும் யார் யாரோ கை கொடுத்து வாழவைத்த வீடு, இரண்டு தலைமுறை நெல் விளைந்ததும் 'எங்கள் பரம்பரையில் இப்படிக் கிடையாது' என்று திண்ணையில் பேசும். பாவம், பூனை பேசவில்லை. அதன் சார்பில் நாம்தான் பேசுகிறோம்.

ஜாதிப் பூனை வளர்ப்பதே பாவம் என்பவர்கள் இருக்கிறார்கள். தெருவில் குட்டிகள் கத்திக்கொண்டிருக்க, காகிதத்துக்குக் காசு கொடுப்பானேன் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அழகை விரும்புவதையே குற்றமாக்கிவிட்டால் ரோஜாச் செடிக்குப் பதியன் போடுகிறவனும் குற்றவாளி. நெல்லிலும் மாவிலும் மனிதன் செய்ததைத்தானே பூனையிலும் செய்திருக்கிறான்? அழகுக்கு விலை உண்டு. அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. மாமரத்துக்கு நோவு தெரியாது. பூனைக்குத் தெரியும்.

ஒரு சமாசாரம் சொல்கிறேன். பூனைகளின் இரத்தத்திலும் பிரிவு உண்டு. பெரும்பாலானவை 'ஏ' வகை. பர்மன் போன்ற சில ஜாதிகளில் 'பி' வகை கொஞ்சம் கூடுதலாகத் தென்படுகிறது. 'பி' வகைத் தாய்க்கு 'ஏ' வகைக் குட்டி பிறந்தால், தாயின் சீம்பாலில் உள்ள எதிர்ப்புச் சக்தி குட்டியின் இரத்த அணுக்களையே அழித்துவிடுகிறது. நன்றாகப் பிறந்து, நன்றாகப் பால் குடித்து, ஓரிரு நாளில் செத்துப்போகிறது குட்டி. தாய்ப்பால் நஞ்சாகும் என்பதைக் கதையில் எழுதினால் வாசகர் நம்பமாட்டார். இது ஜாதிப் பூனைக்கு மட்டும் வருவதல்ல. தெருப் பூனைக்கும் வரலாம். ஆனால் தெருப் பூனைக்குத் துணை தேடிக் கொடுப்பவன் யாரும் இல்லை. இங்கே ஜோடி சேர்ப்பது நாம். காது எப்படி, கையுறை சமமாக இருக்கிறதா, பின்னங்காலில் வெள்ளை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அளந்து பார்த்துச் சேர்க்கிறோம். குருக்களைத் தொட்ட பாதம் என்று கதையில் சொன்ன வெள்ளைக்குக் கண்காட்சியில் மதிப்பெண். அளந்து சேர்க்கிறவன் இரத்தத்தையும் பார்த்துவிட்டுச் சேர்க்கக் கடமைப்பட்டவன் இல்லையா? சோதனை இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. வம்சக் காகிதத்தை என்னால் ஒரே ஒரு அர்த்தத்தில்தான் மதிக்க முடிகிறது. 'இந்த உயிரின் பிறப்புக்கு நான் பொறுப்பு' என்று ஒரு மனிதன் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் அது. பூனைக்கு அது பட்டயம் ஆகாது.

நீலுவை வளர்த்துக் கொடுத்த அம்மாள் பொறுப்பானவள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, மகளை மொழிபெயர்க்க வைத்து இதைக் கேட்டேன். அவள் வீட்டில் ஒரு 'பி' வகைத் தாய்ப் பூனை இருக்கிறது. அது ஈன்றால் குட்டிகளை உடனே வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுவாளாம். ஒரு பகலும் ஒரு இரவும், இரண்டு மணிக்கு ஒரு தடவை, தானே புட்டிப்பால் புகட்டுவாளாம். அதற்குப் பிறகு தாயிடம் விட்டால் ஆபத்தில்லை. அந்த ஒரு நாள் தாய் என்ன செய்யும் என்று கேட்டேன். கதவருகே உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கும் என்றாள். சொல்லிவிட்டு, காப்பி ஆறிவிடுகிறது, குடியுங்கள் என்றாள்.