வரம்பைத் தாண்டிய நீர்

“என் காணியில் நான் இடும் பசளைக்கும் தெளிக்கும் மருந்துக்கும் பிறருக்கு ஏன் கணக்குச் சொல்ல வேண்டும்?” கமக்காரர் ஒருவர் இவ்வாறு கேட்டால் நியாயமாகவே தோன்றும். காணி அவருடையது, கடனும் அவருடையது. ஆனால், நீர் அவருடையதா?

இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தை விட்டுப் புறப்படும் கல்லோயா நீர், வட்டைக்கு வட்டை இறங்குகிறது. ஒரு வயலின் வடிச்சலே அடுத்த வயலின் பாய்ச்சல். சம்மாந்துறை, நிந்தவூர், கல்முனைப் பக்கத்து முஸ்லிம் கமக்காரரும் தமிழ்க் கமக்காரரும் கடைசியில் நிற்பவர்கள். மேலே கழித்துவிடப்படுவது கீழேதான் வந்து சேரும்.

1981இல் கல்லோயாவின் இடதுகரையில் நடந்ததை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டுச் சிறுபோகத்தில் சமுத்திரம் கால்வாசியளவே நிரம்பியிருந்தது. மேல்மடையில் சிங்களக் கமக்காரர். கடைமடையில் தமிழ்க் கமக்காரர். கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய முயற்சியில், கமக்காரர் சிறு குழுக்களாகக் கூடினர். வாய்க்கால்களைத் தாமே துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சமானதைக் கீழே அனுப்பினர். கட்டாயத்தினால் அல்ல, கீழே காய்ந்து நிற்பவனும் கமக்காரனே என்று உணர்ந்ததனால்.

அன்றைய கேள்வி, நீரைக் கொடுத்தோமா என்பது. இன்றைய கேள்வி, எத்தகைய நீரைக் கொடுக்கிறோம் என்பது. நஞ்சு கலந்து கொடுப்பதும் கொடையாகுமா?

வழிகள் எளியவை. யூரியாவை ஒரேயடியாக வீசாமல் பயிரின் பருவமறிந்து பிரித்து இடலாம். பசளையிட்டும் மருந்தடித்தும் சில நாட்கள் வடிச்சலை அடைத்து வைக்கலாம். பயிருக்கும் பயன், பணமும் மிச்சம். வைக்கோலை எரிக்காமல் மண்ணுக்கே திருப்பலாம். வாய்க்கால் ஓரத்துப் புல்லை விட்டுவைத்தால் வண்டலை அது தடுக்கும். மருந்துத் தாங்கியை வாய்க்காலில் கழுவாதிருக்கலாம். மிகுந்த பசளை குளங்களைச் சேர்ந்தால் பாசியும் சல்வீனியாவும் பெருகி அழுகும். மீன் மூச்சின்றிச் சாகும். மீனவன் வலையும் வெறுமையாகும்.

சட்டம் ஒன்றே போதாது. 2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. கமக்காரர் ஆயத்தமாயிருக்கவில்லை; விளைச்சல் சரிந்தது; நவம்பரில் தடை விலக்கப்பட்டது.

பலர் சேர்ந்து செய்யும் தீங்கில் எவருக்கும் தன் பங்கு தெரிவதில்லை. மனச்சாட்சி உறங்குவது அங்கேதான். பள்ளிவாசலில் வுழூச் செய்பவருக்கும் கோவிலில் ஞானஸ்நானம் பெறும் குழந்தைக்கும் வேண்டியது தூய நீரே. வடிச்சலைத் திறக்குமுன் கீழே இருப்பவனின் முகத்தை ஒருகணம் நினைப்போம். அவனே நம் அயலான்.