கனடா வைரமும் ஒரு தம்பியின் கேள்வியும்

போன மாதம் சமய வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். நிச்சயதார்த்தம் நெருங்கும் ஒரு தம்பி பக்கத்தில் வந்தான். "அண்ணே, மோதிரத்துக்கு வைரம் பார்த்திருக்கேன். கனடா வைரமாம். ரத்த வைரம் இல்ல, சர்டிபிகேட் எல்லாம் இருக்கு. அப்ப இதுல பாவம் ஒன்னும் இல்லதானே?" என்று கேட்டான்.

"இல்லடா, தாராளமா வாங்கு" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் யோசிக்காமல் பேசிவிட்டோமோ என்று உறுத்தியது. உட்கார்ந்து படித்தேன்.

அவன் சொன்னதில் உண்மை உண்டு. சியரா லியோனிலும் அங்கோலாவிலும் கிளர்ச்சிப் படைகள் வைரத்தை விற்றுத் துப்பாக்கி வாங்கின. அதைத் தடுக்கத்தான் 2003-இல் கிம்பர்லி சான்றிதழ் முறை வந்தது. கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் அந்தக் கொடுமை இல்லை. அங்கே 1998-இல் எக்காட்டி சுரங்கமும் 2003-இல் டயாவிக் சுரங்கமும் வேலையைத் தொடங்கின. யெல்லோநைஃப் நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி, மரம் வளராத குளிர்நிலம். நிரந்தரச் சாலை கிடையாது. குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் பனிக்கட்டியின் மேலேயே சாலை போட்டு, ஏறக்குறைய இரண்டே மாதத்தில் ஓராண்டுக்கான டீசலை லாரி லாரியாக ஏற்றிப்போகிறார்கள். டயாவிக்கில் ஏரிக்குள் அணை கட்டி, தண்ணீரை இறைத்துவிட்டு, ஏரியின் அடியையே தோண்டினார்கள். ஒரு மோதிரக் கல்லுக்கு இவ்வளவு பாடு!

அது யாருமில்லாத நிலமும் அல்ல. த்லீச்சோ முதலிய டெனே மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய இடம். எக்காட்டி என்பதே அங்குள்ள ஏரிக்கு அவர்கள் வைத்த பெயர். 'கொழுப்பு ஏரி' என்று பொருள். அவர்களுடைய சாப்பாடு, உடை, கதை எல்லாவற்றிலும் கரிபு மான் உண்டு. அங்கே வரும் பாத்தர்ஸ்ட் மந்தையில் 1986-இல் சுமார் 470,000 மான்கள் இருந்தன. 2018-இல் சுமார் 8,200.

சுரங்கம்தான் காரணம் என்று நான் சொன்னால் அது பொய். பருவநிலை, காட்டுத்தீ, வேட்டை, மந்தையின் இயற்கையான ஏற்ற இறக்கம் என்று பலவும் பேசப்படுகின்றன. ஆனால் சுரங்கங்களைச் சுற்றிச் சுமார் 14 கிலோமீட்டர் வரை மான்கள் ஒதுங்கிப் போவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 2015-இலிருந்து அந்த மந்தையை வேட்டையாடுவதை அம்மக்கள் நிறுத்த வேண்டியதாயிற்று. வைரம் தோண்டுவது தொடர்ந்தது.

"அவங்களே ஒப்பந்தம் போட்டாங்க, வேலை கிடைச்சுச்சு, உனக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த வேலையை நம்பி அங்கே பல குடும்பங்கள் வாழ்ந்தன. கோலாலம்பூரில் ஏர்கானில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்குப் புத்தி சொல்ல நான் யார்?

ஆனால் மோதிரம் போடப்போவது நம் ஆள். வகுப்பில் ஐந்து வேள்விகளைப் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அடுப்பு, அம்மி, துடைப்பம், உலக்கை, தண்ணீர்க்குடம் இந்த ஐந்திலும் நமக்குத் தெரியாமலே சிற்றுயிர்கள் சாகின்றன. அதற்கு ஈடாகத்தான் இல்லறத்தான் அந்த வேள்விகளைச் செய்யவேண்டும் என்கிறது தர்ம சாஸ்திரம். சமைக்கிற அம்மாவை யாரும் கொலைகாரி என்று சொல்லவில்லை. ஆனாலும் அவர் ஒரு பிடி சோற்றைக் காக்கைக்கு எடுத்துவைக்கிறார். வயிற்றுக்கான சோற்றுக்கே அந்தக் கணக்கு இருக்கும்போது, ஆசைக்கு வாங்கும் கல்லுக்கு ஒன்றுமே இல்லையா? இந்தக் கல்லால் யாரும் சுடப்படவில்லை என்று சர்டிபிகேட் சொல்லும். அந்த ஒரு பிடியை யார் எடுத்துவைத்தார்கள் என்பது அதில் இல்லை.

அடுத்த வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வாங்கவா, வேணாமா அண்ணே?" என்றான்.

"அது நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நான் சொன்ன 'தாராளமா'வை மட்டும் திருப்பி எடுத்துக்கிறேன்" என்றேன்.

அவளிடம் பேசிவிட்டுச் சொல்வதாகப் போனான். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.