ஷிஃப்ட் பட்டியல் யார் கையில்?

வத்திராயிருப்பிலிருந்து ராஜபாளையம் பக்கத்து மில்களுக்கு வேன் ஏறுகிற பெண்களுக்கு வாரம் என்பது பகல், அரை நைட், முழு நைட். ஷிஃப்ட் மாறினால் தூக்கம், சமையல், பிள்ளையை யாரிடம் விடுவது என்ற ஏற்பாடு எல்லாமே மாறும். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு, பஞ்சை நம்பியே வளர்ந்த வட்டாரம் இது. வளைந்துகொடுப்பதை யாரும் இங்கே சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் வளைவது யார்? 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். மேஸ்திரி முன்னால் நின்று விருப்பமில்லை என்று சொல்லத் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்? எதிர்ப்பு வலுத்தது, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அது சரியான முடிவு.

என் மதினி ஒரு மில்லில் சைடு பார்க்கிறாள், அதாவது நூற்பு ஃபிரேமின் ஒரு பக்கம் அவள் பொறுப்பு. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் எங்கள் ஊர்ச் சாலை திணறும். வேன் வராது, சம்பளம் போகும். ஒரு வருஷம் மேஸ்திரி ஷிஃப்ட் பட்டியலையே மதினியிடமும் கூட வேலைபார்க்கும் பெண்களிடமும் கொடுத்துவிட்டார். "ஆள் குறையக் கூடாது. மத்தத நீங்களே பேசிக்கிடுங்க." ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் அமாவாசை ஷிஃப்டை ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஊர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் அவர்களுக்காக நின்றார்கள். ஒரு ஃபிரேமும் ஆளில்லாமல் நிற்கவில்லை. அறுந்த நூலைப் பிடிக்க அடுத்த சைடுக்காரி கூப்பிடாமலே வந்தாளாம்.

பிறகு வேறு மில்லில் கூடுதல் கூலிக்குக் கூப்பிட்டார்கள். மதினி போகவில்லை. "அங்க லிஸ்ட்ட யாரு போடுவா?" என்றாள். விசுவாசம் இல்லை என்று தொழிலாளியைக் குறைசொல்லும் முதலாளிகள் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பட்டியலை விட்டுக்கொடுப்பது எளிது. குறைகேட்கும் அதிகாரத்தை விட்டுக்கொடுப்பதுதான் கடினம். திண்டுக்கல் பக்கம் ஆடை ஆலைத் தொழிலாளி ஒருவர் 2021இல் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடி 2022இல் ஓர் ஒப்பந்தம் பெற்றது. அதன்படி, பாலியல் தொந்தரவைக் கண்டால் புகார் செய்யத் தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்களைப் பயிற்றுவித்தார்கள். எங்கள் பக்கத்து மில்களிலும் அது வர வேண்டும். முழு நைட்டில் மேஸ்திரிமேல் புகார் சொல்ல நினைக்கும் பெண், அதே ஷிஃப்டில் தன்னோடு நிற்கிற ஒருத்தியிடம் போக முடிய வேண்டும்.