பருவம் மாறும் பதினான்கு நாள்



கோயில் நோட்டீசில் 'சரத் நவராத்திரி' என்று போட்டிருப்பார்கள். சரத் என்றால் இலையுதிர்காலம். நம்ம நாட்டில் எந்த மரத்தில் எந்த இலை உதிர்ந்தது, யாரோ எங்கேயோ எழுதி வைத்த காலண்டரை நாம் ஏன் பின்பற்றணும் என்று போன வாரம் வகுப்பில் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். (இங்கேயும் இலை உதிரும். தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியைக் கேளுங்கள். ரப்பர் மரம் ஆண்டின் தொடக்க மாதங்களில் மொத்தமாக இலையைக் கொட்டிவிடும், அப்போ பாலும் குறையும், சம்பளமும் குறையும். ஆனால் அது நவராத்திரிக் கணக்கில் வராது.)

செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் பூமத்திய ரேகையைக் கடந்து தெற்கே போகிறது. கோடை முடிவது அங்கேதான். வட தேசங்களில் பகல் சுருங்கி, குளிர் ஏறி, இலை பழுத்து விழும். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. வருஷம் முழுக்கப் பார்த்தாலும் நம்ம பகல் பொழுது அரை மணி நேரம்கூட கூடிக் குறையாது. அதனால் நமக்குக் கோடையும் தெரியாது, இலையுதிர்காலமும் தெரியாது. ஆனால் காற்று திசை மாறுவது தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று ஓயும், புகைமூட்டம் கலையும், மத்தியானம் வரைக்கும் வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு இடி. பிறகு நவம்பர் வாக்கில் வடகிழக்குப் பருவக்காற்று.

கங்கைச் சமவெளியில் இதே நாட்களில் மழை முடிந்து வானம் தெளிகிறது. அவர்களுக்குச் சரத் அதுதான். தமிழ்நாட்டிலோ பெருமழை அப்போதுதான் தொடங்கப் போகிறது. நம் முன்னோர் ஆவணி, புரட்டாசியைக் கார் என்றார்கள், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றார்கள். ஆக, ஒரே நவராத்திரி, ஒரே சூரியன், மூன்று ஊரில் மூன்று விதமான வானம். எல்லா ஊருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: பருவம் மாறுகிறது. நவராத்திரி அந்த மாற்றத்தின் நடுவில் வந்து உட்காருகிறது. இலை உதிர்ந்தாலும் சரி, வாய்க்கால் நிரம்பினாலும் சரி.

இந்த மாறும் நாட்களுக்கு ஆயுர்வேதத்தில் ஒரு பெயரே இருக்கிறது, 'ருதுசந்தி'. வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம் என்ற நூலில் வருகிறது. போகிற பருவத்தின் கடைசி 7 நாள், வருகிற பருவத்தின் முதல் 7 நாள், இரண்டும் சேர்ந்ததுதான் ருதுசந்தி. அந்த நாட்களில் பழைய பழக்கத்தைப் படிப்படியாக விடணும், புதியதைப் படிப்படியாகப் பிடிக்கணும். தடாலென்று மாற்றினால் நோய் வரும் என்கிறார். சரத் காலத்தில் தயிர் கூடாது, பகல் தூக்கம் கூடாது என்றுகூட அந்த நூலில் இருக்கு. ஹாஸ்டலில் இதைப் போய்ச் சொன்னால் அடிக்க வருவார்கள்! அந்தப் பட்டியல் இன்னொரு நாட்டு வானத்துக்கு எழுதியது, அதை அப்படியே தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. மெதுவாக மாறு என்ற பேச்சு மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

நான் படிப்பது மின் பொறியியல். ஒரு பெரிய மோட்டாரை நேரடியாக ஸ்விட்ச் போட்டுக் கிளப்பினால், அது வழக்கமாக இழுப்பதைப் போல 5, 6 மடங்கு மின்சாரத்தை அந்தச் சில வினாடிகளில் இழுக்கும். மோட்டார் சூடேறும், மற்ற இடங்களில் விளக்கு மங்கும். அதற்குத்தான் சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைக்கிறோம், மின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதற்கு. மோட்டார் கெட்டுப் போவது பெரும்பாலும் சீராக ஓடும்போது அல்ல, கிளப்பும்போதும் நிறுத்தும்போதும்தான் என்று எங்கள் விரிவுரையாளர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

இதை ஏன் இப்போ சொல்கிறேன்? பொதுப் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் வந்து சேர்வது பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். சுங்கை சிப்புட்டிலிருந்தும் கூலிமிலிருந்தும் ஒரு பையோடு வருகிறார்கள். வீட்டில் தினமும் விளக்கேற்றியவர்கள், கோயிலில் தேவாரம் பாடியவர்கள். முதல் செமஸ்டர் முடிவதற்குள் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். "நேரம் இல்ல அண்ணா, எல்லாம் செட்டில் ஆனதும் வரேன்." இதைச் சொன்ன ஒரு தம்பிக்கு நல்ல குரல். அடுத்து குவிஸ், அடுத்து தேர்வு, அடுத்து புராஜெக்ட். செட்டில் ஆகவே இல்லை. ஒரு பருவம் முடிந்தால் இன்னொரு பருவம்தானே வரும்?

அப்படிப்பட்டவரிடம் நாம் உடனே கீதையை எடுத்து நீட்டுகிறோம். இரண்டாம் அத்தியாயம், 14ஆம் சுலோகம். குளிரும் வெப்பமும், சுகமும் துக்கமும் வந்து போகிறவை, நிலையாதவை, பொறுத்துக்கொள் என்று கண்ணன் அர்ஜுனனிடம் சொல்கிற இடம். 'இதுவும் கடந்து போகும், சும்மா இரு' என்று அதற்கு அர்த்தம் பண்ணிவிடுகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாலே சுலோகம் தள்ளி 18க்குப் போங்கள், ஆகவே போர் செய் என்கிறான். பொறுத்துக்கொள் என்றது வேலையை நிறுத்துவதற்கு இல்லை. வெயிலடித்தாலும் மழை பெய்தாலும் வேலை நிற்காமல் இருப்பதற்கு. துன்பத்தில் இருப்பவரை வாயடைக்க இந்தச் சுலோகத்தைப் பயன்படுத்துவதை நாம் நிறுத்திக்கொண்டால் நல்லது.

அதே அஷ்டாங்க ஹிருதயத்தில் இன்னோர் இடத்தில், பழகிப்போன தீயதைக் கால் பங்கு கால் பங்காகக் குறை என்று வருகிறது. நல்லதை ஏற்றிக்கொள்வதும் அப்படியே இருக்கலாம். ஒன்பது நாளும் விரதம், ஒன்பது நாளும் கோயில் என்று முதல் நாளே முறுக்கேற்றி மூன்றாம் நாள் உட்கார்ந்துவிடாதீர்கள். ஹாஸ்டலில் நெருப்பு வைக்க விடமாட்டார்கள், பேட்டரி விளக்கு போதும். ஒரு பாட்டு. ஐந்து நிமிஷம். தேர்வு நாளாக இருந்தால் இரண்டு நிமிஷம். அம்பாள் மணி பார்த்துக்கொண்டு இருக்க மாட்டாள்.

இன்னொன்று சீனியர்களுக்கு. உங்கள் மாடியில் இந்த மாதம் புதிதாக வந்த தம்பி தங்கை யார் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் போஸ்டர் அனுப்புவதோடு விடாமல் கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள். மாலையில் மழை நிச்சயம் பெய்யும், ஆளுக்கு ஒரு குடை கூடுதலாக எடுத்துக்கொண்டு போங்கள்.