நீல மாந்தரும் நம் மலை மாந்தரும்

திரையரங்கில் நாம் சிந்தும் கண்ணீருக்கு என்ன மதிப்பு? கேள்வி பழையது. புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் மூன்றாம் பகுதியில், கார்த்தேசு நகரில் மாணவராயிருந்த நாள்களில் நாடகங்களின்மீது தமக்கிருந்த பித்தினை எண்ணிப் பார்க்கிறார். மேடையில் ஒருவன் துன்புறுகிறான், காண்பவன் அழுகிறான், அழுவதிலே இன்பமும் காண்கிறான். எழுந்து சென்று அத்துன்பத்தைத் துடைக்குமாறு அவனை எவரும் அழைப்பதில்லை. வருந்துவது ஒன்றே அவனுக்கு இடப்பட்ட வேலை. உதவ வேண்டாத இடத்தில் பிறக்கும் இரக்கம் எத்தகைய இரக்கம் என்று அகுஸ்தினார் ஐயுறுகிறார்.

அந்த ஐயம் 1,600 ஆண்டுகளுக்குப் பின்னும் தீரவில்லை என்பதை உணர்த்தும் திரைப்படம் ஒன்றுண்டு. ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய 'அவதார்' 2009 டிசம்பரில் உலகெங்கும் வெளிவந்தது. தமிழ் பேசியும் வந்தது. இதுவரை 290 கோடி டாலருக்கு மேல் ஈட்டி, உலகிலேயே மிகுந்த வசூல் கண்ட படமாக நிற்கிறது. 2022-இலும் 2025-இலும் அடுத்தடுத்த பாகங்களும் வந்துவிட்டன. முதற்படத்தின் கதை பலரும் அறிந்ததே. 2154-ஆம் ஆண்டில், பண்டோரா என்னும் தொலைதூர நிலவில், நீல நிறமும் நெடிய உடலும் கொண்ட நாவி இனத்தார் காட்டோடு காடாக வாழ்கின்றனர். அவர்கள் குடியிருக்கும் மாபெரும் மரத்தின் அடியில் விலைமதிப்பற்ற கனிமம் கிடக்கிறது. பூமியிலிருந்து வந்த நிறுவனம் அதைத் தோண்டியெடுக்கப் படையோடு நிற்கிறது. கால்கள் செயலிழந்த முன்னாள் படைவீரன் ஒருவன், நாவி உடலொன்றில் புகுந்து உளவறிய அனுப்பப்படுகிறான். சென்றவன் மனம் மாறி அம்மக்களின் பக்கம் நின்று போரிடுகிறான்.

படத்தின் கலைத்திறனைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இரவில் ஒளிரும் அக்காட்டைக் கண்டவர்கள் படைப்பின் அழகை எண்ணி ஒரு கணமேனும் வாய்பொத்தியிருப்பர். அந்த மரம் தீப்பற்றிச் சாயும் காட்சியில் கல்நெஞ்சும் கலங்கும். நாவியர் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொல்லும் நம்மைத் தொடுகிறது. 'உன்னைக் காண்கிறேன்' என்பதே அவர்களின் வணக்கம். உருவத்தை மட்டுமன்று, உள்ளிருக்கும் ஆளையும் காண்கிறேன் என்பது அதன் பொருள்.

இப்படம் வெளிவந்த சில வாரங்களில், 2010 சனவரியில், வத்திக்கான் நாளிதழான 'லொசெர்வத்தோரே ரொமானோ'வும் வத்திக்கான் வானொலியும் இதனை விமர்சித்தன. தொழில்நுட்பம் வியப்பூட்டுகிறது, உணர்வில் ஆழமில்லை, இயற்கையை வணங்கும் ஆன்மிகத்தை நோக்கி இது சாய்கிறது என்பன அவற்றின் குறைகள். அக்குறைகளுள் கடைசியானதை நம் வாசகர் பலரும் உடனே ஏற்பர். ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் திருத்தந்தை பிரான்சிஸ் காட்டிய வழி சற்று விரிவானது. பூர்வகுடிகளுக்கு நிலம் விற்பனைப் பொருளன்று, இறைவனும் முன்னோரும் அளித்த கொடை என்று 2015-இல் தம் 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் அவர் எழுதினார். பழங்குடியினரின் சமய வெளிப்பாடுகளை மூடநம்பிக்கை என்றோ சிலைவழிபாடு என்றோ அவசரப்பட்டு முத்திரை குத்தலாகாது என்று 2020-இல் அமேசான் பற்றிய தம் மடலில் அறிவுறுத்தினார்.

நமக்குத் தோன்றும் குறை வேறு. பண்டோராவின் தெய்வத்தை நம்ப வேண்டிய தேவையே அங்கில்லை. மரங்களின் வேர்கள் மூளை நரம்புகளைப் போலப் பிணைந்திருப்பதை அப்படத்தின் அறிவியலாளர் கருவிகளைக் கொண்டு அளந்தே காட்டிவிடுகிறார். நாவியர் தம் பின்னலை மரத்தோடு இணைத்தால் முன்னோரின் குரல் கேட்கிறது. இறுதிப் போரில் மன்றாட்டுக்கு விடையாகக் காட்டு விலங்குகள் கூட்டமாகப் பாய்ந்து வருகின்றன. இஃது எளிய சமயம். ஐயமும் இருளும் காத்திருப்பும் இல்லாத சமயம். கல்வராயன் மலையில் கரியராமனை வேண்டி நிற்கும் மூதாட்டிக்கு அப்படிப்பட்ட விடை கிடைப்பதில்லை. கல்வாரியில் தொங்கியவருக்கும் கிடைக்கவில்லை.

'அவதாரம்' என்ற சொல்லும் சற்று நின்று எண்ணத்தக்கது. கதைநாயகன் நீல உடலில் காட்டிலே திரியும்போது, அவனுடைய சொந்த உடல் ஓர் உலோகப் பேழைக்குள் பத்திரமாகக் கிடக்கிறது. அங்கே உடலுக்குக் கேடு நேர்ந்தால் இங்கே விழித்துக்கொள்ளலாம். இறுதியில் அவன் பழைய உடலைத் துறக்கிறான், உண்மைதான். ஆனால் துறந்தது நடக்கவியலாத உடல். பெற்றதோ பறவைமேல் பறக்கும் உடல். கிறித்துவின் உடல் வெறுந்தோற்றமே என்று கூறியவர்களைத் திருச்சபை தொடக்க நூற்றாண்டுகளிலேயே மறுத்தது ஏன் என்பது இப்படத்தைக் காண்கையில் தெளிவாகப் புரிகிறது. மனிதனான இறைமகனுக்குத் திரும்பி விழித்துக்கொள்ளப் பேழை எதுவும் இல்லை.

அப்படிப்பட்ட பேழை இல்லாமல் சென்றவர் ஒருவரை நம் காலத்திலேயே கண்டோம். திருச்சி மாவட்டத்து விரகாலூரில் 1937-இல் பிறந்து, இயேசு சபைக் குருவாகி, ஜார்க்கண்டின் ஆதிவாசிகளோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர் அருள்தந்தை ஸ்டேன் சுவாமி. அவர் அம்மக்களின் படைத்தலைவரல்லர். அவர்களுடைய நில உரிமைகளைப் பற்றி எழுதியவர், கேள்வி கேட்டவர். 2020 அக்டோபரில், 83 வயதில், நடுக்குவாத நோயோடு சிறை சென்றார். வழக்கு விசாரணைக்கே வராத நிலையில், 2021 சூலை 5 அன்று மும்பையில் மருத்துவமனையில் உயிர் நீத்தார். புறத்திலிருந்து வருபவன் மலைமக்களைவிடச் சிறந்த மலைமகனாகி, அவர்களுக்குத் தலைமையும் ஏற்றுவிடுவதாகப் படம் காட்டுகிறது. அருள்தந்தையின் வாழ்வில் அந்த இறுமாப்பு இல்லை.

படத்துக்கும் நம் நாட்டுக்கும் நேரடியாகவே ஒரு தொடர்பு உண்டானது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்க வேதாந்தா நிறுவனம் முனைந்தபோது, அம்மலையைத் தெய்வமாகப் போற்றும் டோங்கரியா கோந்த் மக்கள் எதிர்த்து நின்றனர். அவர்களுக்கு ஆதரவாகச் செயல்பட்ட பன்னாட்டு அமைப்பொன்று, 'உங்கள் கதை இங்கே உண்மையாகவே நடக்கிறது, உதவுங்கள்' என்னும் கருத்தில் 2010-இல் கேமரூனுக்கு இதழொன்றில் விளம்பரமாகவே வேண்டுகோள் விடுத்தது. ஆனால் அம்மலையைக் காத்தது எது? 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், முடிவு செய்ய வேண்டியவை கிராம சபைகளே என்றது. அவ்வாண்டு கூடிய 12 கிராம சபைகளும், மாவட்ட நீதிபதி முன்னிலையில், ஒன்று விடாமல் வேண்டாம் என்றன. காட்டு விலங்குகள் எவையும் பாய்ந்து வரவில்லை. படிப்பறியாத பெண்கள் எழுந்து நின்று பேசினர். அவர்கள் பேச்சு எழுதிக்கொள்ளப்பட்டது. படமாக எடுத்தால் அரங்கில் கூட்டம் சேராத காட்சி அது. பண்டோராவின் போரைவிடப் பெரிய செய்தி.

நியம்கிரி தொலைவில் உள்ளது. கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிவது கல்வராயன் மலை. கோமுகி ஆறு அங்கே பிறந்துதான் நம் நெல்வயலுக்கும் கரும்புக்கும் வருகிறது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று சொல்லிக்கொள்கின்றனர். சாமையும் தினையும் விதைத்து, கடுக்காய் பொறுக்கி, மரவள்ளி நட்டுப் பிழைப்பவர்கள். நாடு விடுதலையடைந்து 29 ஆண்டுகள் கழிந்தும், 1976 சூன் வரை, அம்மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியிலே இருந்தது. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பட்டா வழங்குவதும் தமிழகத்தில் நீதிமன்றத் தடையால் 2016 வரை நின்றுபோயிற்று. ஒரு குடியின் கையிலிருந்து நிலம் நழுவும் கதை இங்கேயும் உண்டு. குண்டு வீசாமலே நடந்த கதை.

இருந்தும் இவர்களுக்காக நம் கண் கலங்குவதில்லை. ஏன்? விடை சொல்ல நாம் கூச வேண்டியதில்லை. நாவியர் அழகானவர்கள், மாசற்றவர்கள்; பொய் சொல்லார், குடியார். நம் மலையார் அப்படியல்லர் என்பது சமவெளியின் தீர்ப்பு. கல்வராயன் மலை என்றதும் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் முதலில் நினைவுக்கு வருவது கள்ளச்சாராயம். 'ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு' போன்ற தலைப்புகளை நாளிதழில் படித்துப் படித்து, அம்மலையில் மனிதர்களைவிடப் பேரல்களே மிகுதி என்று எண்ணுமளவுக்கு வந்துவிட்டோம். ஊறல் போடுவோர் அங்கே உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் ஊறலுக்கான வெல்லம் மலையில் விளைவதில்லை. அது கீழிருந்து மேலே போகிறது. சாராயம் மேலிருந்து கீழே வருகிறது. விற்றவரும் வாங்கியவரும் கைநீட்டியவரும் சமவெளியிலும் இருக்கின்றனர். செம்மரம் வெட்டுவதிலும் இதே கணக்குதான். 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டுக்கொன்ற 20 பேரும் கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள்; அவர்களுள் பலர் சவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். மரத்தை விலைக்கு வாங்கியவர் எவரும் அன்று அக்காட்டில் சாகவில்லை.

2024 சூனில் நடந்தது நம் நெஞ்சை விட்டு அகலாதது. கள்ளக்குறிச்சி நகரில், கருணாபுரத்திலும் அதைச் சுற்றியும், மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பிணம் கிடந்தது. மெத்தனால் மலையில் காய்ச்சுவதன்று. ஆலைகளுக்காகச் செய்யப்படும் நஞ்சு அது. எனினும் தேடுதல் வேட்டை மலையேறிற்று. இறந்தோர் குடும்பத்துக்கு அரசு தலா 10 இலட்சம் ரூபாய் அறிவித்தபோது, குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்று ஊரெங்கும் கேட்டனர், வழக்கும் தொடுத்தனர். வரிப்பணத்தைப் பற்றிய கேள்வியாக அதைக் கேட்கலாம், தவறில்லை. ஆனால் டீக்கடையில் கேட்ட குரலில் இருந்தது வரிப்பணத்தைப் பற்றிய கவலை மட்டுமன்று. தகுதியுள்ளவனுக்கே இரக்கம் என்னும் தீர்ப்பும் அதில் இருந்தது.

லூக்கா நற்செய்தியில் எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைப் பற்றி ஆண்டவர் என்ன சொல்கிறார் என்று தேடிப் பார்ப்போம். அவன் நல்லவனா, கெட்டவனா? எதற்காக அவ்வழியே போனான்? குடித்திருந்தானா? ஒன்றும் இல்லை. ஒரு மனிதன், அவ்வளவே. குருவைப் பற்றியும் லேவியரைப் பற்றியும் சமாரியரைப் பற்றியும் விவரம் உண்டு. கிடந்தவனைப் பற்றி மட்டும் விவரம் இல்லை. கதைசொல்லத் தெரியாதவர் செய்த விடுபாடு என்று இதனைக் கொள்ள இயலுமா? கேமரூன் இக்கதையைப் படமாக்கியிருந்தால், அவனுக்கு அழகிய முகமும், வீட்டில் காத்திருக்கும் ஒரு குழந்தையும் தந்திருப்பார். அரங்கே அழுதிருக்கும். உவமையோ நம் கண்ணீரைக் கேட்கவில்லை. எண்ணெயையும் திராட்சை மதுவையும் இரண்டு தெனாரியத்தையும் பற்றியே பேசுகிறது.

கேமரூனைக் குறைசொல்லி முடிப்பது நம் நோக்கமன்று. 2010-இல் அவர் பிரேசில் சென்று, பெலோ மொன்றே அணையால் நிலமிழக்கும் பழங்குடியினரோடு நின்றார். அணை என்னவோ கட்டப்பட்டுவிட்டது. மூன்றாம் படத்தில், நாவியருள்ளேயே கொடுமை செய்யும் ஒரு குலத்தாரைக் காட்டவும் துணிந்தார். மாசற்றவர்களாகவே ஓர் இனத்தைப் படைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதை அவரும் உணர்ந்திருக்கலாம்.

கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பின், 2024 சூலையில், சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டது. அங்கே பேசப்பட்டவை சாலை, மருத்துவம், பள்ளி, பேருந்து ஆகியவை. 1976-இல் ஜாகீர் ஒழிந்த மறுநாளே பேசியிருக்க வேண்டியவை. வெள்ளிமலையில் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் இறங்கும் தாய், தன் பிள்ளைக்கு மருத்துவமனையில் சீட்டு எழுதுபவரிடம் ஊர்ப்பெயரைச் சொல்கிறாள். அந்தப் பெயரைக் கேட்டதும் எதிரே அமர்ந்திருப்பவரின் முகம் எப்படி மாறுகிறது என்பதை அவள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.