கொஞ்ச நேரம் அடக்கிக்கொள்ளக் கூடாதா?

டூரட் சிண்ட்ரோம் உள்ளவனிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. இதில் வம்பு என்னவென்றால், அடக்க முடியும். கொஞ்ச நேரம் முடியும்.

கண் எரியும் வரை இமைக்காமல் இருக்க யாராலும் முடியுமல்லவா, அப்படி. என் கழுத்து வலப்பக்கம் வெட்டுவதற்கு முன் பிடரிக்குக் கீழே ஒரு குடைச்சல் எழும். வெட்டினால்தான் அது போகும். தொண்டையில் வரும் 'ஹ்க்' சத்தமும் அப்படித்தான். பள்ளியில் வாத்தியார் முன்னால் அரை மணி நேரம் அடக்கிவைத்துவிட்டு, கழிவறைக்கு ஓடி அங்கே கொட்டித் தீர்ப்பேன். அந்த அரை மணியில் நடந்த பாடம் ஒன்றும் காதில் ஏறியிருக்காது. "வேணும்னா நிறுத்துறான் பாருங்கம்மா" என்று அம்மாவிடம் சொன்னார்கள். அடக்க முடிந்ததே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இந்த நோய் பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில் தொடங்கி, பத்து பன்னிரண்டில் உச்சத்துக்குப் போய், வளர வளரப் பலருக்குத் தணிந்துவிடும். எனக்குப் பாதிதான் தணிந்தது. படங்களில் காட்டுவதுபோல் கெட்ட வார்த்தை தானாகக் கொட்டுவது பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். நான் அந்த ஒன்றிரண்டில் இல்லை. என் வாயில் அப்படி ஏதாவது வந்தால் அது நானே பேசியது.

ஜார்ஜ்டவுனில் இதை விளக்கும்போது மலாய் நண்பர்கள் உடனே "லாத்தாவா?" என்பார்கள். திடுக்கிட்டால் கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்லி, பார்த்த அசைவையே செய்கிற பெண்கள் நம் பசாரிலும் உண்டு. வேண்டுமென்றே அவர்களைத் திடுக்கிட வைத்துச் சிரிக்கிற கூட்டமும் உண்டு. நண்பர்கள் கேட்பது அசட்டுக் கேள்வி இல்லை. பினாங்கையும் உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களில் வெளியான ஆய்விதழ் ஒன்றில் 1883இல் ஓ'பிரையன் என்பவர் லாத்தாவைப் பற்றி எழுதினார். மறுவருடமே பாரிஸில் ஜில் தெ லா டூரட், லாத்தாவும் தான் தேடிக்கொண்டிருந்த நோயும் ஒரே இனம் என்று எழுதிவிட்டார். 1885இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையால்தான் நோய்க்கு அவர் பெயர் வந்தது. இரண்டும் வேறு என்று பிறகு தெளிவானது. லாத்தாவுக்கு வெளியிலிருந்து ஒரு அதிர்ச்சி வேண்டும். என் கழுத்துக்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை வழியில் அருள் வந்து ஆடுகிறவருக்குக் கூட்டம் ஒதுங்கி வழிவிடும். அடக்கு என்று ஒருவரும் சொல்வதில்லை. மறுநாள் கொம்தாரில் பேருந்து ஏறி நான் 'ஹ்க்' என்றால் பக்கத்து அக்கா எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விடுவார். கொரோனாவுக்குப் பிறகு இது கூடிவிட்டது. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. உடல் தன் போக்கில் அசைவது நமக்குப் பழகாத ஒன்றல்ல. காரணம் தெரிந்தால் பொறுத்துக்கொள்கிறோம்.

அடக்குவது வேறு, பழக்குவது வேறு. குடைச்சல் எழும்போதே முகவாயைச் சற்றுத் தாழ்த்திக் கழுத்தைத் தளராமல் பிடித்துக்கொண்டால், வெட்டாமலேயே அது கடந்துபோகும். இந்தப் பயிற்சியை அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு நல்ல பலன். எனக்குக் கழுத்துக்கு உதவியது, தொண்டைக்கு உதவவில்லை.

ஆகவே இப்போது எங்கே அடக்குவது என்பதை நானே முடிவு செய்கிறேன். சாவு வீட்டில் அடக்குவேன். அங்கே என் அவஸ்தை பெரிதில்லை. அலுவலகக் கூட்டத்தில் அடக்குவதில்லை. முதல் நாளே சொல்லிவிட்டேன், இரண்டு வாரம் பார்த்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். சினிமாவுக்குப் போனால் படத்தைப் பொறுத்தது. அமைதியான படமென்றால் கடைசி வரிசை ஓரம். ரஜினி படமென்றால் நடு வரிசையில் தாராளமாக உட்காருவேன்; முதல் காட்சி விசிலில் என் 'ஹ்க்' யாருக்குக் கேட்கப் போகிறது!