மிதிப்போரும் ஒளி பெறுவோரும்

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. மண்ணெண்ணெய் அரிதாயிற்று. வடக்கே கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் வானொலிக்கான பற்றரிகளும் அடங்கின. அந்நாள்களில் இரவானதும் ஊர்களிலே ஒரு காட்சி வழக்கமாயிற்று. முற்றத்திலோ விறாந்தையிலோ சைக்கிள் ஒன்று நிறுத்தப்பட்டிருக்கும். இளைஞன் ஒருவன் அதன் மிதியைச் சுற்றிக்கொண்டிருப்பான். சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து செல்லும் வயரின் மறுமுனையில் வானொலிப் பெட்டி. அதைச் சுற்றி அயலவர் பத்துப் பன்னிரண்டு பேர், பிபிசி தமிழோசைக்கோ வெரித்தாஸ் வானொலிக்கோ காது கொடுத்தபடி இருப்பர். மிதி தளர்ந்தால் செய்தியும் தளரும். உடனே, "கெதியாய் மிதியடா தம்பி" என்று பெரியவர் ஒருவரின் குரல் எழும்.

இக்காட்சியை நினைவுகூர்வோர் பெருமிதத்தோடு நினைவுகூர்வர். அப்பெருமிதம் நியாயமானதே. உலகத்தின் குரல் தம்மை எட்டக் கூடாதென்று விதிக்கப்பட்ட மக்கள் தம் கால்களின் வலுவால் அவ்விதியை மீறினர். ஆயின், அன்று இடுக்கணில் பிறந்த அந்த உபாயம் இன்று வேறொரு கோலத்தில் நம்முன் வந்து நிற்கின்றது. உடற்பயிற்சிச் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொள்ளலாம். அது உடலுக்கு நலம், பூமிக்கு நலம், தன்னிறைவுக்கு வழி என்று கூறப்படுகின்றது. வறிய நாடுகளின் இருண்ட வீடுகளுக்கு இதுவே தீர்வு என்று உபதேசிப்போரும் உளர். உபாயமாக இருந்த ஒன்று அறமாக உயர்த்தப்படும்போது அதனை ஆராய்வது நம் கடமையாகும்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். நல்ல உடல்நிலையுள்ள ஒருவர் சோராது மிதித்தால் ஏறத்தாழ 100 வாற்று வலுவை ஒரு மணிநேரம் தரலாம். பயிற்சி பெற்ற பந்தய வீரர் இதனிலும் இரண்டு மூன்று மடங்கு தருவர். ஆனால் வீடுகளில் வாழ்வோர் பந்தய வீரர் அல்லர். ஒரு மணிநேர மிதிப்பின் பயன், மின் பட்டியலில் நாம் காணும் அலகிலே பத்தில் ஒரு பங்கு. மின்பிறப்பாக்கியிலும் பற்றரியிலும் ஏற்படும் விரயத்தைக் கழித்தால் எஞ்சுவது அதனிலும் குறைவு. மாதம் 60 அலகு மட்டும் பாவிக்கும் எளிய குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 2 அலகு வேண்டும். அதனைப் பெற ஒருவர் 20 மணிநேரம் மிதிக்கவேண்டும். விரயத்தையும் சேர்த்தால் பகலும் இரவும் போதா. ஒரு லீற்றர் நீரைத் தேநீருக்காகக் கொதிக்க வைப்பதற்கே ஒரு மணிநேரத்துக்கு மேற்பட்ட மிதிப்புத் தேவை. 2009இல் பிபிசி தொலைக்காட்சி ஒரு பரிசோதனையைக் காட்டிற்று: ஒரே ஒரு குடும்பத்தின் ஒருநாள் மின்தேவையை நிறைவுசெய்ய 80 பேர் சைக்கிள் மிதித்தனர்.

கணக்கு இத்தோடு முடிவதில்லை. மிதிப்பவரின் உடலும் எரிபொருள் கேட்கின்றது. நாம் உண்ணும் உணவின் சக்தியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே மிதியில் வேலையாக மாறும். எஞ்சியது வியர்வையாகவும் வெப்பமாகவும் போகும். அந்த ஒரு மணிநேரத்துக்கு ஈடுசெய்ய ஏறத்தாழ 100 கிராம் அரிசி வேண்டும். அதாவது ஓர் அலகு மின்சாரத்துக்கு ஒரு கிலோ அரிசி! கடையில் அந்த அரிசியின் விலையையும் மின்பட்டியலில் அந்த அலகின் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. வயிறு நிறைய உண்டு, உண்டதைக் கரைக்க வழி தேடுவோர்க்கு இம்மிதிப்புச் செலவற்றதாகத் தோன்றலாம். காலையிற் பாணும் சம்பலும் தின்று நாள் முழுதும் கூலிவேலை செய்து மீள்பவர்க்கு அது உணவை எரித்து விளக்கேற்றுவதாகும்.

இவற்றைக் கூறுவதால் இம்முயற்சி முழுவதும் வீண் என்பது நம் கருத்தன்று. ஒரு மணிநேர மிதிப்பு, இக்காலத்துச் சிறிய எல்ஈடி விளக்கொன்றைப் பத்து மணிநேரம் எரிய வைக்கும். வானொலியை இயக்கும், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும். இடர்க்காலத்தில் இவை சிறியன அல்ல. அன்றியும், ஒருமுறை தன் காலால் மின்சாரம் ஆக்கிப் பார்த்த மாணவன், ஆளில்லாத அறையில் மின்விசிறியைச் சுழல விட்டுச் செல்லத் தயங்குவான். சுவரிலுள்ள ஆளியை அழுத்தியதும் வரும் ஒளிக்குப் பின்னால் எவ்வளவு வலு நிற்கின்றது என்பதை அவன் தசைகள் அவனுக்குக் கற்பிக்கும். பாடசாலை ஒவ்வொன்றிலும் இத்தகைய சைக்கிள் ஒன்று இருத்தல் நன்று. ஆயின் கற்பிக்கும் கருவி வேறு, வாழ்வுக்கு விதிக்கும் கருவி வேறு.

இவ்வேறுபாடு மறக்கப்பட்டதற்கு ஓர் உதாரணம் தருவோம். 2015இல் அமெரிக்கச் செல்வந்தரான மனோஜ் பார்கவா என்பார், ஊக்கபானம் விற்றுப் பெரும் பொருளீட்டியவர், மிதிசைக்கிள் மின்பிறப்பாக்கி ஒன்றை அறிமுகம் செய்தார். ஒரு மணிநேரம் மிதித்தால் ஒரு கிராமத்து வீட்டுக்கு ஒருநாள் மின்சாரம் கிடைக்கும் என்று கூறப்பட்டது. இந்தியக் கிராமங்களுக்கு அதனை வழங்குவதே நோக்கம். அவருடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் மேலே கண்ட கணக்கின்படி அந்த "ஒருநாள் மின்சாரம்" என்பது ஓரிரு விளக்கும் கைத்தொலைபேசியுமே. நகரத்தான் ஒருவனின் குளிரூட்டி சில நிமிடங்களில் விழுங்குவதை ஏழையின் ஒருநாட் தேவை என்று வரையறுக்க யார் அதிகாரம் அளித்தனர்? கருவியிலுள்ள குறையிலும் இவ்வரையறையிலுள்ள குறையே பெரிது. வறியவனுக்குச் சிறிதளவு போதும் என்னும் பழைய கொள்கை அங்கே புதிய உடை தரித்து நிற்கின்றது.

மனித உடலை வலுவின் ஊற்றாகக் கொள்ளும் வரலாறு நீண்டது. அதிற் பெரும்பகுதி தண்டனையின் வரலாறு. 1818 அளவில் வில்லியம் கியூபிற் என்னும் பொறியியலாளர் ஆங்கிலச் சிறைகளுக்கு மிதிசக்கரத்தை வகுத்தளித்தார். கைதிகள் மணிக்கணக்காக அதன் படிகளில் ஏறிக்கொண்டேயிருந்தனர். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது. பல சிறைகளில் காற்றையன்றி வேறெதையும் அரைக்கவில்லை. ஜமெய்க்காவில் 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னரும், "பயிலுநர்" என்ற பெயரிற் கட்டுண்டு கிடந்த கறுப்பின மக்கள் இச்சக்கரத்திலே ஏற்றப்பட்டனர். இங்கிலாந்தில் இதனை ஒழிக்க 1898ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. 2012இல் பிரேசில் நாட்டின் சாந்தா ரீத்தா தோ சப்புக்காயி நகரச் சிறையில் கைதிகள் சைக்கிள் மிதித்துத் தெருவிளக்குகளுக்கு மின்னேற்றினர்; எட்டு மணிநேரம் வீதம் மூன்று நாள் மிதித்தால் தண்டனையில் ஒருநாள் குறைக்கப்பட்டது. இது பழைய கொடுமையன்று. கைதிகள் தாமே விரும்பி மிதித்தனர் என்பர். எனினும் சிறையிலிருப்பவனின் விருப்பம் எவ்வளவு சுதந்திரமானது என்று கேளாமலிருக்க முடியவில்லை. அவ்விளக்குகளின் கீழே மாலையில் உலாவியவர்கள் மிதித்தவர்கள் அல்லர்.

தன் தேவைக்குத் தானே உழைத்தல் உயர்ந்த அறமன்றோ என்று சிலர் கேட்பர். காந்தியடிகள் இராட்டையை முன்வைத்தபோது எழுந்த கேள்வியும் இதுவே. 1925இல் இரவீந்திரநாத் தாகூர் அதனைக் குறைகண்டு எழுதினார். சிந்தனைக்கு இடமின்றிச் சக்கரத்தை ஓயாது சுழற்றுவது மனிதனின் அறிவை மழுங்கச் செய்யும் என்பது அவர் அச்சம். இவ்விருவருள் ஒருவரை முற்றாகத் தள்ளிவிட முடியாது. அந்நியத் துணியை மறுப்பதற்கு நூற்கும் கைக்கு மானம் உண்டு. அந்நோக்கம் மறைந்து சுழற்சி மட்டும் எஞ்சினால் தாகூரின் அச்சமே மெய்யாகும்.

நம் ஊரிலேயே இதற்குச் சான்றுண்டு. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் ஒரு காலத்தில் துலா மிதித்தே நீரிறைத்தனர். துலாவின் மீது ஆள்கள் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றுவார். விடியுமுன் தொடங்கும் அவ்வுழைப்பை அழகென்று எழுதியவர் பலர். ஆனால் பிறர் தோட்டத்துக்காகத் துலாவில் நடந்தோர் பெரும்பாலும் நிலமற்ற கூலிகள். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர். தம் தாகத்துக்கு அதே கிணற்றில் ஒரு வாளி அள்ளும் உரிமையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபோது துலாவுக்காகக் கண்ணீர் வடித்தவர்களுள் அதை மிதித்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே கேள்வி சைக்கிளைப் பற்றியதன்று. மிதிப்பவர் யார்? ஒளி பெறுபவர் யார்? மிதிக்கவேண்டுமென்று முடிவு செய்தவர் யார்? இம்மூன்றுக்கும் விடை ஒன்றாயின் அவ்வுழைப்பு விடுதலைக்குரியது. விடைகள் பிரியுமிடத்தில் சுரண்டல் தொடங்குகின்றது. இக்கேள்விகள் பெரிய மின்நிலையங்களுக்கும் பொருந்தும். நமது நாட்டில் விமலசுரேந்திர 1918இலேயே நீர்மின்சாரத்துக்காக வாதாடினார். 1950இல் லக்சபான நீர்மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அந்த மலைநாட்டிலே, தேயிலைத் தோட்டத்து உழைப்பாளிகளின் லயன் அறைகள் அதன் பின்னும் பல தசாப்தங்கள் குப்பி விளக்கிலேயே கிடந்தன. அருகிருந்த அருவியின் ஒளி கொழும்புக்குப் போயிற்று. அவர்கள் கொழுந்து கிள்ளி ஈட்டிய செல்வமும் அவ்வழியே போயிற்று.

மின்சாரம் சமுதாயத்தின் கூட்டுப் பொறுப்பு. 1920இல் உள்நாட்டுப் போரிலும் பசியிலும் சிக்கியிருந்த சோவியத் ரஷ்யா, நாடு முழுவதற்குமான கோயெல்ரோ மின்மயத் திட்டத்தை வகுத்தது. ஒவ்வொரு விவசாயியும் தன் குடிசையில் சக்கரம் சுழற்றட்டும் என்று விட்டுவிடவில்லை. 2022 மார்ச் இறுதியில் இந்நாடு நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை இருளில் மூழ்கியபோது, மக்கள் வீதிக்கிறங்கிப் பொறுப்புக் கேட்டனர். அவர்களிடம் அன்று யாராவது சைக்கிள் மிதிக்கும் அறத்தைப் போதித்திருந்தால், அது குற்றவாளிகளைத் தப்பவிடும் போதனையாகவே இருந்திருக்கும். நம் கூரைகளின் மீது நாள்தோறும் வெயில் விழுகின்றது. ஒரு சதுர மீற்றர் சூரியத் தகடு ஒரு நல்ல நாளில் அரை அலகுக்கு மேல் தரும். அதனை மனிதனிடமிருந்து பெற ஐந்து மணிநேரத்துக்கு மேல் அவன் மிதிக்கவேண்டும். வெயிலை எல்லார் கூரைக்கும் பொதுவாக்கும் வழியைத் தேடாமல், ஏழையின் காலை மட்டும் நாடுவது விஞ்ஞானமும் அன்று, அறமும் அன்று.

யாழ்ப்பாணத்து அந்த இளைஞனிடம் மீண்டும் வருவோம். அவன் மிதித்தது தனக்காகவும் தன் அயலாருக்காகவும்; அவ்வளவில் அவ்வுழைப்புக்கு மானம் உண்டு. ஆனால் மிதிக்கவேண்டிய நிலையை அவன் தெரிந்தெடுக்கவில்லை. செய்தி முடிந்தபின் சிக்கன விளக்கின் சிறு சுடரில் அவன் பரீட்சைக்குப் படிக்க அமர்ந்தான். களைத்த கால்களோடும் எரியும் கண்களோடும் படித்தான். அவனது மனவுறுதியைப் போற்றுவோம். ஆனால் அந்த மிதிப்பை மற்றொரு தலைமுறைக்குப் பாடமாக விதிக்காதிருப்போம். அவன் கேட்க விரும்பிய செய்திகளுள், இனி மிதிக்க வேண்டாம், மின்சாரம் வருகின்றது என்பதும் ஒன்றாக இருந்திருக்கும்.